வலது பக்கம் திரும்பும் படிகள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பி,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம்தானே? அம்மாவுக்கு முட்டி வலி விட்டபாடில்லை. காது இன்னும் மந்தமாகிவிட்டது, வாய் மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய தாள் தனியாக உள்ளே இருக்கிறது. வழக்கம்போல இந்த இரண்டாவது தாள் நமக்குள்.

நேற்று முதலாளி ஒரு காகிதத்தை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். ஏணியை நிறுத்துகிறார்களாம். மார்ச் முடிந்தால் கம்ப்யூட்டரில் அது திறக்கவே திறக்காதாம். கீழே உங்கள் கம்பெனி முத்திரை. என் தம்பி தன் கையால் எழுதின புரோகிராம் சாகப்போகிறது, அந்தச் சேதி எனக்கு முதலாளி வழியாக வருகிறது. நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. உயரம் என்ன, அகலம் என்ன, படி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூன்றைச் சொன்னால் போதும், இரும்பின் கனத்திலிருந்து போல்ட் எண்ணிக்கை வரை ஏணி சொல்லிவிடும். இந்தப் பட்டறையில் இருந்து போன அத்தனை இரும்பு மாடிப்படிக்கும் நான்தான் படம் போட்டேன், அத்தனையும் ஏணியில்தான். இப்போது புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள் என்கிறார்கள். எனக்கு ஐம்பத்து நாலு வயது என்பதை யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

உன்னால் மேலே பேசி இன்னும் இரண்டு வருஷம் இழுக்க முடியாதா? போனில் பதில் சொல்லாதே. மணி அடித்தாலே ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஏணி விஷயம் மேலிடத்து முடிவு. நான் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. முன்னாலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், தப்புதான். புதுசு நல்ல புரோகிராம், அக்கா. ஒரு மாதத்தில் உனக்குப் பிடிபட்டுவிடும்.

இரண்டு விஷயம். பழைய படங்களைப் புதுசுக்கு மாற்ற ஒரு வழி இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். நீ அதைப் பண்ணாதே, எல்லாவற்றையும் முதலில் இருந்து போடு. இன்னொன்று, ஏணியில் போட்ட படிகள் எதுவும் குறை என்று உங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறதா? வளைந்தது, ஆடியது என்று யாராவது சொன்னார்களா? தெரிந்தால் எழுது. அவசரமில்லை.

என்றும் உன்
தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பி,

அம்மா இரண்டு நாள் பயிற்சி செய்தாள். மூன்றாம் நாள், மருத்துவருக்கு முட்டி வலித்தால் அவர் செய்யட்டும் என்று சொல்லிவிட்டாள். மற்றபடி நலம். உன் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று உன் வீட்டுக்காரி எழுதியிருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள்?

புதுசு வந்து இறங்கிவிட்டது. நான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். எதை எடுத்தாலும் ஒரு கேள்வி, கொஞ்சம் பொறுத்திரு என்று ஒரு அதட்டல், ஒன்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கற்றுக்கொடுக்க உங்கள் கம்பெனியில் இருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். பெரிய கண்ணாடி, அதைவிடப் பெரிய பொறுமை. நான் பழைய விசையையே அழுத்தி ஒரு முழுப் படத்தை அழித்தபோதுகூட அவள் பல்லைக் கடிக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு, ஒரு கோடு போட அனுமதி கேட்டு உட்கார்ந்திருப்பது அவமானமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஏணியில், படி திரும்பும் இடத்து மேடையைத் தாங்கும் பிராக்கெட்டையும், அது சொருகும்படி சுவரில் பதிக்கிற பகுதியையும் நானே வரைவேன். மாப்பிள்ளை சுவர்ப் பகுதியைத் தானே வரைந்து, என்னைக் கேட்காமலேயே வேறொரு பட்டறைக்கு அனுப்பிவிடுகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஒரு படிகூடத் திரும்பி வந்ததில்லை. ஒரு புகார் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். ஏன் கேட்கிறாய்?

அன்புடன்,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

சும்மா ஒரு புள்ளிவிவரத்துக்காகத்தான் கேட்டேன். ஏணி மூடுவதற்குள் ஒரு உதவி செய். நீ போட்டதில் வலது பக்கம் திரும்பும் படிகளை மட்டும் பிரித்து, எந்தக் கட்டடம், பிராக்கெட்டின் கனம் என்ன என்று ஒரு பட்டியல் எடுத்து அனுப்பு. ஆபீஸ் விலாசத்துக்கு வேண்டாம், வீட்டுக்கு அனுப்பு. இந்தத் தாளை அம்மா கண்ணில் படாமல் வை.

தம்பி

மார்ச் 30

தம்பி,

நாங்கள் நலம். நீ கேட்ட பட்டியலை எடுக்கவில்லை. இத்தனை நாளாக நான் பதில் எழுதாததற்கும் காரணம் இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு மாடிப்படி, எல்லாம் மாப்பிள்ளையில் போட்டது. பொருத்தப் போன ஆட்கள் இருபத்தாறு பிராக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். சுவர்ப் பகுதியில் பத்து மில்லிமீட்டர் கனத்துக்கு இடம் இருக்கிறது, வந்திருப்பது பன்னிரண்டு மில்லி. நுழையவே இல்லை. கண்ணாடிக்காரி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். புரோகிராம் பத்து என்றுதான் சொல்லியிருக்கிறது. அதை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டது நான்.

முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார், "ஏம்மா மாத்தினீங்க? ஒரு காரணம் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

கை தவறிவிட்டது என்று நான் சொல்ல, கண்ணாடிக்காரி, இருபத்தாறு தடவையா என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஏப்ரல் கடைசி வரை எனக்குத் தவணை. அதுவரை நான் போடும் ஒவ்வொரு படத்தையும் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். அதற்குப் பிறகும் சரிப்படவில்லை என்றால் வேறு ஆள் பார்ப்பார்களாம். அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். இடது பக்கம் திரும்பும் படிகள் உனக்கு வேண்டாம், வலது மட்டும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பிராக்கெட்டின் கனம் வேண்டும் என்கிறாய். ஏன் வலது? எனக்குப் பூசி மெழுகாமல் பதில் வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததில் இருந்து சாப்பாடு இறங்கவில்லை. நலம் விசாரிக்கவும் எனக்கு முகமில்லை.

ஏணியில் ஒரு பிழை இருக்கிறது. நான் செய்த பிழை. இடது பக்கம் திரும்பும் படிக்கு முதலில் கணக்கு எழுதினேன். அப்புறம் அதையே நகல் எடுத்து வலது பக்கத்துக்கு மாற்றினேன். அப்படி மாற்றும்போது ஒரு வரி விட்டுப்போயிற்று. நடுவில் திரும்பும் இடத்தில் இருக்கும் மேடையின் சொந்த எடையைக் கூட்டுகிற வரி அது. ஏறுகிற ஆட்களின் எடையை மட்டும் கணக்குப் போட்டு, தாங்க வேண்டிய இரும்பின் கனத்தை ஒரு அளவு குறைத்துச் சொல்லும். பத்து மில்லி வேண்டிய இடத்தில் எட்டு.

புதுசையும் பழசையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது போன வருஷம்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கே மேலாளரிடம் சொன்னேன். அவர் கம்பெனி வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் மிக இனிமையான மனுஷர். ஏணியை நிறுத்தி எல்லாரையும் புதுசுக்கு மாற்றிவிட்டால் இனிமேல் தப்பு நடக்காது, நடந்ததைக் கிளறி யாருக்கு லாபம் என்று கேட்டார். ஒரு காகிதத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ஏணியை நிறுத்தச் சொல்லி முதலில் எழுதிக் கொடுத்ததே நான்தான், அக்கா. மேலிடத்து முடிவு என்று உனக்கு எழுதியது பொய்.

நானூறுக்கு மேற்பட்ட பட்டறைகளுக்கு விற்றிருக்கிறோம். இதுவரை எதுவும் விழுந்ததாகத் தகவல் இல்லை. எல்லாக் கணக்கிலும் கொஞ்சம் உபரி பலம் வைப்பது வழக்கம், அதுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் நிறையப் பேர் மேடையில் நின்றால் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. உன்னுடைய படிகள்தான் முதலில் கண்ணுக்குள் வந்து நின்றன. அதனால்தான் பட்டியல் கேட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி

ஏப்ரல் 22

தம்பி,

கிழிக்க மாட்டேன்.

நீ கவலைப்பட்டாயே, என் படிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஏணி வந்த முதல் வருஷமே எனக்குத் தெரியும். ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே மேடை. இடது பக்கம் திரும்பினால் பத்து மில்லி என்றது, வலது பக்கம் திரும்பினால் எட்டு என்றது. படி எந்தப் பக்கம் திரும்பினால் என்ன, இரும்புக்கு அது தெரியுமா? அன்றிலிருந்து வலது பக்கப் படி வந்தாலே புரோகிராம் சொல்வதைவிட ஒரு அளவு கூட்டிப் போட்டுவிடுவேன். பிறகு அது என் கைக்கே பழகிவிட்டது. மாப்பிள்ளை சரியாகப் பத்து என்று சொன்னதைப் பன்னிரண்டு ஆக்கியதும் அதே கைதான். இருபத்தாறு தடவையும்.

முதலாளி காரணம் கேட்டபோது என்ன சொல்வேன்? என் தம்பி எழுதிய கணக்கில் ஓட்டை என்றா? அது எனக்குத் தெரிந்தபோது நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரம் ஆகவில்லை. இரண்டு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவன், ஏணி ஓடுகிறது என்று சொல்ல வந்தபோது தெருமுனையில் இருந்தே ஓடிவந்தாய். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். உனக்குத் தெரியாது, தெரிந்தால் உடைந்துபோவாய் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் மூச்சுவிடவில்லை. போன மாதம் எல்லார் முன்னாலும் முட்டாளாக நின்றதும் அதற்காகத்தான். நீயோ தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

எனக்கு உன்மேல் வரும் கோபத்துக்கு அளவில்லை. என் படிகளுக்கு நான் இருந்தேன். அந்த நானூறு பட்டறையில் யார் இருந்தார்கள்? அங்கே ஒருத்தர் திரையில் எட்டு என்று வந்ததை நம்பி எட்டு போட்டிருப்பார். அந்தப் படியில் யாரோ ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நீயே வெளியே சொல்லிவிடு. வேலை போனாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டேன் என்று மே பத்தாம் தேதிக்குள் உன் கடிதம் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போவேன்.

அக்கா

மே 12

தம்பி,

அம்மா உன் கடிதம் ஏன் வரவில்லை என்று தினமும் கேட்கிறாள். தபால் தாமதம் என்று புளுகிக்கொண்டிருக்கிறேன்.

பத்தாம் தேதி போய்விட்டது. நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளி அறை வாசல்வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது, அவர் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உன் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

என் தவணை முடிந்து பத்து நாள் தாண்டிவிட்டது. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரி மட்டும் என் படங்களில் இப்போது தப்பே இல்லை என்கிறாள். வலது பக்கம் வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு பத்து எண்ணிவிட்டுத்தான் தொடுகிறேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

மே 7 (வந்து சேர்ந்தது மே 17)

அக்கா,

உன் கடிதம் இரண்டாம் தேதி கிடைத்தது. ஐந்தாம் தேதி சொல்லிவிட்டேன்.

வக்கீலிடம் போகவில்லை. கட்டடங்களின் பாதுகாப்பைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கு நேராகப் போனேன். அங்கே ஒரு அதிகாரி அம்மா எழுதிக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. நானூறு பட்டறைக்கும் எச்சரிக்கை போகும், வலது பக்கப் படிகளை எல்லாம் சோதித்துப் பார்ப்பார்கள். கம்பெனி அன்று சாயங்காலமே என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உன் மருமகள்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் சாப்பாடு இறங்குகிறது.

நீ திட்டியது அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. முதல் வருஷமே நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே ஒரு வரியைச் சேர்த்திருப்பேன். அரை மணி நேர வேலை. அன்றைக்கு ஏணியை வாங்கியிருந்தது உங்கள் பட்டறையும் இன்னும் நாலு பேரும்தான். நான் உடைந்துபோயிருப்பேன் என்பது உண்மைதான். இரண்டு நாள் உடைந்து கிடந்துவிட்டு எழுந்திருப்பேன்.

அந்த அதிகாரி அம்மா என்னைக் கேட்ட ஒரு கேள்வியை உன்னைக் கேட்கச் சொல்லி மனசு அரிக்கிறது. ஏணியை உன் மேஜையில் நான் போட்டுக்கொடுத்தது ஜனவரியில். முதல் வருஷமே தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எந்த மாதம் தெரிந்தது? அதற்கு முன்னால் போன வலது பக்கப் படிகள் எங்கே இருக்கின்றன?

தம்பி

மே 20

அன்புள்ள தம்பி,

நலமாக இரு. அம்மா நலம். உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. அது தெரியாமல் நான் பன்னிரண்டாம் தேதி எழுதியது உனக்கு வந்து சேருவதற்குள் இதுவும் வந்துவிடலாம்.

எனக்குத் தெரிந்தது செப்டம்பரில். அதற்கு முன்னால் மூன்று போயிருந்தன. ஒன்று இருந்த கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஒன்று கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போவது, வருஷத்துக்கு ஒருத்தர் ஏறுவார். மூன்றாவது, பிள்ளைகள் நீச்சல் பழகும் குளத்தில் பார்வையாளர் மாடிக்குப் போகிற படி. எப்போதும் ஈரம் இருக்கிற இடம். பொருத்தி இரண்டு மாதம் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திருப்பி வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் உன் பெயர் வரும் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வருஷமாக அந்தத் தெருப் பக்கமே நான் போனதில்லை. கடைக்குப் போனால்கூடச் சுற்றித்தான் போவேன். அன்று முதலாளி அறை வாசலில் இருந்து திரும்பியது உன் முகத்துக்காக இல்லை, தம்பி. வாயைத் திறந்தால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக.

உன் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு அப்படியே எழுந்து போனேன். வேலைநாள், பகல் பதினோரு மணி. முதலாளியிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், உன் பிழை, என் கை, அந்தக் குளம். அவர் கத்தவில்லை. உட்காருங்கள் என்றார். அவர் போனை எடுப்பதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்துக் குளத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே போட்டி. வாசல்வரை கூச்சல் கேட்டது. மாடியில் இடம் போதாமல் நடு மேடையிலும் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். யார் ஜெயித்தாலும் எல்லாருமாகச் சேர்ந்து குதித்தார்கள். அங்கிருந்த நிர்வாகி, நீங்கள் யார், யார் அனுப்பினார்கள், காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இந்தப் படியை வரைஞ்சவ நான். அது தப்பு. பிள்ளைங்களை இறக்குங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் அவரைத் தாண்டிப் படியின் கீழே போய் நின்று, மேலே ஏற வந்தவர்களைக் கையை விரித்து மறித்தேன். மேடையில் நின்றவர்களை ஒவ்வொருவராக இறங்கச் சொன்னேன். குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள் என்று சொன்னேன், சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு சின்னப் பெண், பாட்டி ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டது. பதினேழு பேர். எண்ணித்தான் இறக்கினேன்.

முதலாளியும் கண்ணாடிக்காரியும் முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அரசாங்க ஆட்கள் வந்து பிராக்கெட்டில் பெயிண்டைச் சுரண்டினார்கள். மேடையைத் தாங்குவது நாலு பிராக்கெட். சுவரை ஒட்டிய இரண்டில் விரிசல். ஒன்றில் என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது.

உனக்குப் பதினெட்டு நாள் கெடு வைத்தேன். உன்னைத் திட்டி எழுதிய நாளில் அந்தப் பிள்ளைகள் அதே மேடையில் நின்றிருப்பார்கள். அது தெரிந்துதான் எழுதினேன்.

அன்புடன்,
அக்கா